லுக் அஹெட்: வாழ்க்கைமுறைச் சிகிச்சையின் அளவு என்ன?

2012 செப்டம்பரில், அமெரிக்காவின் 16 மையங்களில் பத்தாண்டுக்கும் மேலாக நடந்துவந்த ஒரு சிகிச்சைத் திட்டம் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது. பங்கேற்றவர்களுக்குத் தீங்கு நேர்ந்தது காரணமல்ல. இன்னும் சில ஆண்டுகள் தொடர்ந்தாலும் எதிர்பார்த்த பலன் தென்படப் போவதில்லை என்று தரவுகளைக் கண்காணித்துவந்த குழு முடிவுக்கு வந்ததே காரணம். 'லுக் அஹெட்' என்னும் அந்த ஆய்வு, அதிக எடையோடு இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் உள்ளவர்கள் உணவையும் உடலுழைப்பையும் மாற்றிக்கொண்டு எடையைக் குறைத்தால் அவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறையுமா என்று கேட்டது. குறையவில்லை என்பதே விடை. அந்த ஒரு வரியோடு ஆய்வை மூடிவைத்துவிடுபவர்கள் மருத்துவர்களிலும் உண்டு. ஆனால் உடற்பருமனுக்கு வாழ்க்கைமுறை மாற்றத்தைச் சிகிச்சையாகக் கொடுப்பது என்றால் நடைமுறையில் என்ன, அதை எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு எடை குறைகிறது, கொடுப்பதைக் குறைத்தால் என்ன ஆகிறது என்பவற்றை இவ்வளவு நீண்ட காலத்துக்கு, இவ்வளவு பேரிடம் அளந்து பார்த்த ஆய்வுகள் மிகச் சில. அந்தக் கோணத்திலேயே இதை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பின்னணி

இதற்கு முன்னோடி, டிபிபி என்று அழைக்கப்படும் அமெரிக்கச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 3,234 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினருக்கு எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது என்ற இரண்டே இலக்குகளை அது வைத்தது. சராசரியாக 2.8 ஆண்டுகளில் அவர்களிடம் சர்க்கரை நோய் புதிதாக வருவது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட 58 சதவீதம் குறைவாக இருந்தது. இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலன் 31 சதவீதம்தான். 2002-இல் அந்த முடிவு வெளியானபோது லுக் அஹெட் ஆள் சேர்க்கத் தொடங்கிவிட்டிருந்தது. நோய் வராமல் தடுப்பதில் இவ்வளவு பலன் இருந்தால், நோய் வந்துவிட்டவர்களின் இதயத்தைக் காப்பதிலும் பலன் இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பே.

சேர்க்கப்பட்டவர்கள் 5,145 பேர். வயது 45 முதல் 76 வரை. ஏறத்தாழ 60 சதவீதத்தினர் பெண்கள். உயரத்துக்கு ஏற்ற எடையை அளக்கும் பிஎம்ஐ சராசரியாக 36. ஏழில் ஒருவருக்கு ஏற்கெனவே இதய, இரத்தக்குழாய் நோய் இருந்தது. குலுக்கல் முறையில் தீவிரச் சிகிச்சைக் குழு, ஒப்பிடுவதற்கான கட்டுப்பாட்டுக் குழு என்று இரண்டாகப் பிரிப்பதற்கு முன்பு, ஒவ்வொருவரும் இரண்டு வாரம் தாம் உண்டதையும் செய்த உடலுழைப்பையும் ஒழுங்காக எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. டிரெட்மில் சோதனையிலும் தேற வேண்டியிருந்தது. எழுதத் தவறியவர்கள் அந்த வாசலிலேயே திரும்பிவிட்டார்கள். முடிவுகளைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது. இரண்டு வாரம் நாட்குறிப்பு எழுதும் பொறுமை உள்ளவர்கள் எந்த ஊரிலும் சராசரி நோயாளிகள் அல்லர்.

கட்டுப்பாட்டுக் குழுவுக்கு முதல் நான்கு ஆண்டுகளில் ஆண்டுக்கு மூன்று கூட்டங்கள் நடந்தன. உணவு, உடற்பயிற்சி, பிறர் துணை ஆகியவை பற்றிப் பேசுவார்கள். பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் பயிற்சி எதுவும் கிடையாது. நம் ஊர்ப் புறநோயாளிப் பிரிவுகளில் 'எடையைக் குறையுங்கள், நடங்கள்' என்று சொல்லி அனுப்புவதைவிட இதுவே மேல் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சிகிச்சை நடந்த விதம்

தீவிரச் சிகிச்சைக் குழுவின் முதல் ஆண்டைச் சற்று நெருங்கிப் பார்த்தால்தான் மற்றது புரியும். முதல் ஆறு மாதங்களில் வாரந்தோறும் சந்திப்பு. மாதத்தில் மூன்று வாரம் குழுவாக, ஒரு வாரம் தனியாக. அடுத்த ஆறு மாதங்களில் மாதத்துக்கு இரண்டு குழுக் கூட்டமும் ஒரு தனிச் சந்திப்பும். ஆக ஓராண்டில் 42 சந்திப்புகள். பங்கேற்றவர்கள் அவற்றில் சராசரியாக 35-க்கு வந்தார்கள். ஆண்டு முழுவதும் குழுவில் அதே முகங்களே இருந்தன. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் நீளும் கூட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவராகத் தனியே எடை பார்ப்பார்கள். பிறகு கடந்த வார நாட்குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பேச்சு: எந்த நாள்களில் எழுதப்பட்டிருக்கிறது, எந்த நாளில் விட்டுப்போயிருக்கிறது, விட்டுப்போன நாளில் என்ன நடந்தது. அதற்குப் பிறகே அந்த வாரத்துப் பாடம். நடத்தியவர்கள் உணவியல் நிபுணர்கள், உளவியலாளர்கள், உடற்பயிற்சி வல்லுநர்கள். மாதந்தோறும் நடக்கும் தனிச் சந்திப்பு அரைமணி நேரத்துக்குள் முடியும்; அதை ஆண்டு முழுவதும் ஒரே ஆலோசகர் பார்த்தார்.

உணவைப் பொறுத்தவரை, 114 கிலோவுக்குக் குறைவானவர்களுக்கு நாளொன்றுக்கு 1,200 முதல் 1,500 கலோரி, அதற்கு மேலானவர்களுக்கு 1,500 முதல் 1,800 கலோரி. கொழுப்பிலிருந்து வருவது 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முதல் நான்கு மாதங்களில் நாளுக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாக, கலோரி அளவு அச்சிடப்பட்ட புட்டிப் பானமோ உணவுக் கட்டியோ கொடுக்கப்பட்டது. பிறகு நாளுக்கு ஒரு வேளை. ஸ்லிம்ஃபாஸ்ட், கிளூசெர்னா, ஆப்டிஃபாஸ்ட் போன்றவற்றின் தயாரிப்பாளர்களே அவற்றை ஆய்வுக்கு வழங்கினார்கள். இப்படிப் புட்டியில் அடைத்ததைக் கொடுப்பது கேலிக்குரியதாகப் படலாம். ஆனால் அதற்கு அழுத்தமான காரணம் இருந்தது. உடற்பருமன் உள்ளவர்கள், ஏன் எல்லோருமே, தாம் உண்ணும் அளவைக் கணிசமாகக் குறைத்தே மதிப்பிடுகிறோம். தட்டில் இருப்பதை எடைபோட்டுக் கணக்கிடுவது சோர்வு தரும் வேலை. இரண்டு வேளைக் கணக்கை அச்சிட்ட எண்ணிடம் ஒப்படைத்துவிட்டால், கவனிக்க வேண்டியது இரவுச் சாப்பாட்டை மட்டுந்தான். இந்தப் பானங்களை அதிகமாகப் பயன்படுத்திய கால் பங்கினர் முதல் ஆண்டில் எடையில் 11.2 சதவீதம் குறைந்தார்கள். மிகக் குறைவாகப் பயன்படுத்திய கால் பங்கினர் 5.9 சதவீதம். சொன்னபடி செய்பவர்கள் எல்லாவற்றையும் சொன்னபடி செய்வார்கள் என்பதால் இந்த வேறுபாடு முழுவதையும் பானத்தின் கணக்கில் எழுத முடியாது என்றாலும், அதற்கும் பங்கு உண்டு என்று நம்ப இடமிருக்கிறது.

உடலுழைப்புக்கு வாரம் 175 நிமிட இலக்கு வைத்தார்கள். பெரும்பாலும் வேகநடைதான், அதையும் அவரவர் ஊரில், அவரவர் தெருவில், யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் செய்ய வேண்டும். காலடி எண்ணும் கருவியும் நாளுக்கு 10,000 அடி என்ற இலக்கும் துணைக்கு இருந்தன. எடை குறையாமல் நின்றுபோனவர்களுக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு, எடை குறைப்புக்கான ஆர்லிஸ்டாட் மாத்திரையைச் சேர்க்கவும் இடம் இருந்தது. ஒவ்வொருவரிடமும் 10 சதவீதம் குறைய வேண்டும் என்றே சொல்லப்பட்டது. குழுவின் சராசரி 7 சதவீதத்தைத் தொட்டால் போதும் என்பது நடத்தியவர்களின் உள்கணக்கு.

எடை சென்ற வழி

முதல் ஆண்டு முடிவில் தீவிரச் சிகிச்சைக் குழுவின் எடை சராசரியாக 8.6 சதவீதம் குறைந்திருந்தது. மற்றக் குழுவில் 0.7 சதவீதம். மாத்திரைகளை மையமாக வைக்காத ஒரு திட்டத்துக்கு, அதுவும் எடை குறைவது பொதுவாகவே கடினமாக இருக்கும் சர்க்கரை நோயாளிகளிடம், இது பெரிய வெற்றி.

இரண்டாம் ஆண்டிலிருந்து சந்திப்புகள் சுருங்கின. மாதம் ஒரு முறை நேரில், இன்னொரு முறை தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ. இடையிடையே சில வாரங்கள் நீளும் புத்தூக்கக் குழுக்களும் போட்டிகளும் வைத்தார்கள். எடை மெல்ல ஏறத் தொடங்கியது. நான்காம் ஆண்டில் இழப்பு 4.7 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. எட்டாம் ஆண்டிலும் அதே 4.7, அப்போது மற்றக் குழு 2.1. ஆய்வு முடிந்தபோது இரு குழுக்களும் 6.0, 3.5 சதவீதத்தில் நின்றன. கட்டுப்பாட்டுக் குழுவும் காலப்போக்கில் எடை இழந்ததை முதுமையின் கணக்கில் ஓரளவு எழுத வேண்டும். ஆனால் இடைவெளி சுருங்கியது மறுக்க முடியாத உண்மை.

இந்த எண்களை இரண்டு விதமாகப் படிக்கலாம். பாதி எடை திரும்பிவிட்டது, ஆகவே இந்த முறை நிலைக்காது என்பது ஒரு வாசிப்பு. எட்டு ஆண்டுகள் கழித்தும் தீவிரச் சிகிச்சைக் குழுவில் பாதிப் பேர் தொடக்க எடையைவிட 5 சதவீதமோ அதற்கு மேலோ குறைவாக இருந்தார்கள், நான்கில் ஒருவருக்கு மேல் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைவாக இருந்தார்கள் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மை. எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது எடை ஏறத் தொடங்கிய காலம். வாரச் சந்திப்பு மாதச் சந்திப்பாக மாறிய அதே கட்டத்தில் எடையின் போக்கும் திரும்பியது. இரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாகக் குறைத்தபின் அழுத்தம் ஏறினால், மாத்திரை தோற்றுவிட்டது என்று எந்த மருத்துவரும் எழுதமாட்டார். வாழ்க்கைமுறைச் சிகிச்சையில் மட்டும் அளவு குறைந்ததை விட்டுவிட்டு, நோயாளியின் மனவுறுதியைக் குறை சொல்லும் வழக்கம் ஏனோ நிலைத்துவிட்டது. உடலும் சும்மா இருப்பதில்லை: எடை குறைந்தபின் பசியைத் தூண்டும் சுரப்புகள் கூடுகின்றன, ஓய்வில் செலவாகும் கலோரி குறைகிறது. அந்த எதிர்ப்பு முதல் ஆண்டோடு முடிந்துவிடுவதும் இல்லை.

முதல் ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தவர்களில் ஏறத்தாழ 39 சதவீதத்தினர் எட்டாம் ஆண்டிலும் அந்த அளவை விடாமல் வைத்திருந்தார்கள். தொடக்கத்தில் வேகமாகக் குறைத்தால் வேகமாகத் திரும்பிவிடும் என்று பலர் எச்சரிப்பதுண்டு. இந்தத் தரவு அந்த எச்சரிக்கைக்கு ஆதரவாக இல்லை.

இதயம் ஏன் அசையவில்லை

இதய நோயால் மரணம், மாரடைப்பு, பக்கவாதம், நெஞ்சுவலியால் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது ஆகிய நான்கையும் கூட்டியே கணக்கிட்டார்கள். இடைநிலையாக 9.6 ஆண்டுகளில் தீவிரச் சிகிச்சைக் குழுவில் 403 பேருக்கும் மற்றக் குழுவில் 418 பேருக்கும் இவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தது. வேறுபாடு என்று சொல்ல எதுவும் இல்லை.

காரணங்களில் சில தெளிவானவை. தொடக்கத்தில் எதிர்பார்த்த அளவுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் எந்தக் குழுவிலும் வரவில்லை. நெஞ்சுவலியைக் கணக்கில் சேர்த்ததும் ஆய்வுக் காலத்தை நீட்டியதும் அதனால்தான். இரண்டு குழுக்களுக்கும் அவரவர் சொந்த மருத்துவர்களே மருந்து எழுதினார்கள்; எடை குறையாத குழுவினருக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் இரத்த அழுத்த மாத்திரையும் இன்சுலினும் கூடுதலாகக் கொடுக்கப்பட்டன. அதனால் கெட்ட கொழுப்பு அவர்களிடமே சற்றுக் குறைவாக இருந்தது. அதாவது, ஆய்வு ஒப்பிட்டது சிகிச்சையையும் சிகிச்சை இன்மையையும் அன்று. எடைக் குறைப்போடு குறைந்த மருந்தையும், எடைக் குறைப்பு இல்லாமல் கூடுதல் மருந்தையும் ஒப்பிட்டது. இரண்டு வழிகளும் இதயத்தைப் பொறுத்தவரை ஏறத்தாழ ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன என்பதே என் வாசிப்பு.

பின்னர் நடந்த ஒரு பகுப்பாய்வில், முதல் ஆண்டில் குறைந்தது 10 சதவீத எடை இழந்தவர்களிடம் இந்த நிகழ்வுகள் 21 சதவீதம் குறைவாக இருந்தது தெரியவந்தது. மேற்கோள் காட்ட வசதியான எண்தான். ஆனால் குலுக்கலில் பிரிந்தவர்களை விட்டுவிட்டு, வென்றவர்களைப் பின்னோக்கித் தேர்ந்தெடுக்கும் கணக்கு இது. 10 சதவீதம் குறைத்தவர்கள் வேறு பல வகைகளிலும் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டிருக்கலாம்.

இதயத்துக்கு வெளியே கிடைத்தவை பல. முதல் ஆண்டில் 11.5 சதவீதத்தினருக்கு மருந்தே இல்லாமல் சர்க்கரை ஓரளவேனும் இயல்புக்குத் திரும்பியது. நான்காம் ஆண்டில் அது 7.3 சதவீதமாகச் சுருங்கினாலும், மற்றக் குழுவின் 2 சதவீதத்தைவிடப் பல மடங்கு. மிகக் கடுமையான சிறுநீரக நோய் அபாயம் 31 சதவீதம் குறைந்தது. நடமாட்டம் தளர்ந்துபோகும் அபாயம் நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ பாதியானது. மாடி ஏற முடிவது, கடைக்கு நடந்து போக முடிவது போன்றவற்றை இதய ஆய்வாளர்கள் இரண்டாம் வரிசையில் வைக்கிறார்கள். அறுபதைத் தாண்டிய ஒருவரிடம் கேட்டால் வரிசை மாறும்.

உறக்கத்தில் மூச்சு நின்றுபோகும் கோளாறு உள்ள 264 பேரிடம் தனியாக நடந்த கிளை ஆய்வு இன்னொரு வியப்பைத் தந்தது. நான்காம் ஆண்டுக்குள் இழந்த எடையில் பாதியளவு திரும்பியிருந்தபோதும், மூச்சுத் தடையில் கிடைத்த முன்னேற்றம் பெருமளவு அப்படியே இருந்தது. எடை திரும்பினால் எல்லாம் திரும்பிவிடும் என்ற எண்ணத்தை இது கொஞ்சம் தளர்த்துகிறது.

மறுபக்கத்தில், இடுப்பு, தோள், மேற்கை ஆகிய இடங்களில் எலும்பு வலுவிழந்து ஏற்படும் முறிவு தீவிரச் சிகிச்சைக் குழுவில் 39 சதவீதம் கூடுதலாக இருந்தது. எடை குறையும்போது கொழுப்போடு எலும்பின் அடர்த்தியும் குறைவதே இதற்குக் காரணமாக இருக்க வேண்டும். வயதானவர்களுக்கு இப்படிப்பட்ட திட்டத்தை வகுப்பவர்கள் நடையோடு நிறுத்தாமல் தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சியையும் சேர்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

திட்டம் ஆய்வுக்கு வெளியே வந்தபோது

இவ்வளவையும் செய்ய முதல் ஆண்டில் ஒரு நபருக்கு 3,000 டாலரை நெருங்கிய செலவானது. மருத்துவமனைச் சேர்க்கையும் மருந்தும் குறைந்ததால் பத்தாண்டில் ஒருவருக்குச் சராசரியாக 5,280 டாலர் மிச்சமானது என்று பின்னர் கணக்கிட்டார்கள்; திட்டத்தின் செலவை ஈடுகட்ட அது போதவில்லை. 2011-இல் அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு உடற்பருமனுக்கான ஆலோசனைக்குப் பணம் தர முன்வந்தபோது வகுத்த அட்டவணை இப்படி இருந்தது: முதல் மாதம் வாரம் ஒரு சந்திப்பு, ஆறாம் மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒன்று, அதற்குள் 3 கிலோ குறைந்திருந்தால் மட்டும் பன்னிரண்டாம் மாதம் வரை மாதம் ஒன்று. நடத்த வேண்டியவர் ஆரம்ப சுகாதார மருத்துவர். ஒரு சந்திப்புக்குக் கால் மணி நேரம். லுக் அஹெட்டின் 42 சந்திப்புகளோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ பாதிதான். 3 கிலோ குறையாதவருக்குச் சிகிச்சையைக் கூட்டாமல் நிறுத்துவது எந்த மருத்துவ நியாயத்தில் சேரும் என்பது எனக்கு விளங்கவில்லை.

சென்னையில் மெட்ராஸ் சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய டி-கிளிப் ஆய்வு, டிபிபியின் பாடத்திட்டத்தை நம் சமையலுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப மாற்றி, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த, அதிக எடையுள்ள 578 பேரிடம் சோதித்தது. வகுப்புகளால் மட்டும் போதிய பலன் கிடைக்காதவர்களுக்கு நான்கு மாதத்துக்குப் பிறகு மெட்ஃபார்மினைச் சேர்த்தார்கள். பத்தில் ஏழு பேருக்கு அது தேவைப்பட்டது. மூன்று ஆண்டுகளில் சர்க்கரை நோய் புதிதாக வருவது 32 சதவீதம் குறைந்தது. நம்மவர்களுக்கு பிஎம்ஐ 25-ஐத் தொட்டாலே உடற்பருமன் என்று இந்திய மருத்துவர்கள் கொள்வதால், சராசரி 36 கொண்ட அமெரிக்கக் குழுவின் இலக்குகளை அப்படியே எடுத்தாள முடியாது. மருந்தையும் வகுப்பையும் ஒன்றுக்கொன்று எதிரியாக நிறுத்தாமல், தேவைப்பட்டவருக்கு மட்டும் அடுத்த படியைச் சேர்த்த இந்த அமைப்பு லுக் அஹெட்டிலிருந்து ஒரு படி முன்னே சென்றதாகவே கருதுகிறேன்.

இன்று, பசியை அடக்கி எடையைக் குறைக்கும் செமாகுளூடைடு ஊசி வந்தபின், இப்படிப்பட்ட திட்டங்கள் இனி எதற்கு என்ற கேள்வி எழுகிறது. நான்கு வாரத்துக்கு ஒரு முறை மட்டும் ஆலோசனை கொடுத்த ஸ்டெப்-1 ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு இந்த ஊசியால் 68 வாரத்தில் 14.9 சதவீத எடை குறைந்தது. அதே ஊசியோடு 30 ஆலோசனைச் சந்திப்புகளையும் தொடக்கத்தில் எட்டு வாரக் குறைகலோரி உணவையும் சேர்த்த ஸ்டெப்-3 ஆய்வில் 16 சதவீதம். அங்கே ஊசி இல்லாமல் அத்தனை சந்திப்புகளையும் பெற்றவர்கள் 5.7 சதவீதம் குறைந்தார்கள். எடையை இறக்கும் வேலையில் ஊசியோடு வகுப்பு போட்டியிட முடியாது என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. தசையைக் காப்பது, நடமாட்டத்தைக் காப்பது, குறைந்த அளவு உண்ணும்போது புரதம் குறையாமல் பார்த்துக்கொள்வது ஆகியவையே இனி வகுப்பின் பணியாக இருக்கும். லுக் அஹெட்டின் எலும்பு முறிவுத் தரவும் நடமாட்டத் தரவும் அந்த வகையில் 2012-இல் இருந்ததைவிட இன்று கூடுதலாகப் பயன்படுபவை.

ஊசியும் அளவைப் பொறுத்த விஷயத்தில் விலக்கு அல்ல. ஸ்டெப்-1 ஆய்வு முடிந்ததும் ஊசியையும் ஆலோசனையையும் ஒருசேர நிறுத்திவிட்டு, 327 பேரை மேலும் ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். அவர்களில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்கள் 17.3 சதவீதம் எடை குறைந்திருந்தார்கள். அந்த ஓராண்டில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி, மிஞ்சியது 5.6 சதவீதம். எட்டாம் ஆண்டிலும் மாதம் ஒரு சந்திப்பை விடாமல் வைத்திருந்த லுக் அஹெட் குழுவிடம் அப்போது மிஞ்சியிருந்தது 4.7.